கவளம் நெஞ்சில் நிற்கிறது என்றால்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. நான்கு மாதமாகச் சாப்பிடும்போது நெஞ்சுக்குள் அடைக்கிறது என்கிறார். முதலில் இறைச்சி, ரொட்டி போன்ற கெட்டியானவை மட்டும்தான் சிக்கின. இப்போது ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது. தண்ணீரும் பாலும் தடையில்லாமல் போகின்றன. கேட்டால் "வாயுதான்" என்று சொல்லிவிடுகிறார். பல வருடமாக நெஞ்செரிச்சல் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தானே வாங்கிப் போட்டுக்கொள்கிறார். எரிச்சல் குறைந்திருக்கிறது, அடைப்பு குறையவில்லை. அடைக்கும் இடம் எது என்றால் தொண்டைக்குழியைக் காட்டுகிறார். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். அப்பா அதோடு நிம்மதியாகிவிட்டார். ஆனால் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. போன வாரம் ஒரு துண்டு இறைச்சி சிக்கி, ஒரு மணி நேரம் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருந்தார். பிறகு தானாக விலகியது. கேமரா வைத்த குழாயை வாய்வழியே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி என்றாலே மூச்சு முட்டிவிடும் என்று பயப்படுகிறார். இந்த அடைப்பைக் கரைக்க மருந்து உண்டா? புற்றுநோயாக இருக்குமா? மறுபடி அடைத்தால் என்ன செய்வது?
– ஒரு மகள்

பதில்: உங்கள் அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி செய்துபார்க்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு மேல் தள்ள வேண்டாம். மற்றக் கேள்விகளுக்கும் விரிவாக எழுதுகிறேன். அவற்றைப் படித்து முடிக்கும்போது இந்த ஒன்று பின்னுக்குப் போய்விடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். கெட்டி உணவில் தொடங்கிய சிக்கல் நான்கே மாதத்தில் எல்லாக் கவளத்துக்கும் தண்ணீர் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறது. உடம்பு மெலிந்திருக்கிறது. ஒருமுறை முழுதாக அடைத்தும்விட்டது. இவை மூன்றும் சேர்ந்துவிட்டால், வெளியிலிருந்து ஊகித்து மருந்து கொடுத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள். உள்ளே பார்த்தாக வேண்டும்.

கரைக்க மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயில் அழுக்கு சேர்ந்து அடைத்துக்கொள்வதைப்போல உணவுக்குழாயிலும் ஏதோ சேர்ந்துவிட்டது, அதைக் கரைத்துவிட்டால் வழி திறந்துவிடும் என்று நினைக்கிறோம். உணவுக்குழாய் அப்படிச் சும்மா கிடக்கும் குழாய் இல்லை. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய் அது. தொண்டை முடியும் இடத்தில் தொடங்கி, மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் பின்னால் இறங்கி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பையில் சேர்கிறது. விழுங்கிய கவளம் வெறும் எடையால் கீழே விழுவதில்லை. மேலிருந்து கீழாகத் தசை வரிசையாகச் சுருங்கிச் சுருங்கி அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. படுத்தபடி விழுங்கினாலும் உணவு இரைப்பைக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். எட்டுப் பத்து நொடியில் வேலை முடிந்துவிடும். கீழ்முனையில் ஒரு தசைவளையம் இருக்கிறது. அது பெரும்பாலும் மூடியே இருக்கும். கவளம் வரும்போது தளர்ந்து வழிவிட்டு, மறுபடி மூடிக்கொள்ளும்.

ஆகவே உணவு நிற்பதற்கு இரண்டு வகைக் காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, வழி குறுகியிருக்க வேண்டும்: சுவரில் தழும்போ கட்டியோ வந்திருக்கலாம், வெளியிலிருந்து ஏதாவது அழுத்தலாம். அல்லது வழி சரியாக இருந்தும், தள்ளும் தசையோ கீழ்வளையமோ தன் வேலையைச் செய்யாமல் இருக்கலாம். இரண்டிலும் கரைக்க வேண்டிய பொருள் எதுவும் அங்கே இல்லை. என்ன காரணம் என்று தெரிந்தால் அதற்கேற்ற நல்ல சிகிச்சைகள் உண்டு. தெரியாமல் கொடுக்கும் எதுவும் நாளைக் கடத்துவதுதான்.

கெட்டி உணவு ஏன் முதலில் சிக்குகிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். ஆரோக்கியமான உணவுக்குழாய் 2 செ.மீ.க்கும் மேல் விரிந்துகொடுக்கும். அதன் கீழ்ப்பகுதியில் சிலருக்கு வரும் மெல்லிய வளையத்தை 1950களில் ஆராய்ந்த ஷாட்ஸ்கி என்ற கதிரியக்க மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். வழியின் அகலம் 13 மி.மீ.க்குக் கீழே போனவர்களுக்கு ஏறக்குறைய எல்லோருக்கும் கெட்டி உணவு சிக்கியது, 20 மி.மீ.க்கு மேல் இருந்தவர்களுக்கு அரிதாகவே சிக்கியது. அந்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். அதாவது, ஒருவர் "அடைக்கிறது" என்று சொல்லத் தொடங்கும்போதே வழி கணிசமாகக் குறுகிவிட்டிருக்கும். தண்ணீர் போகிறதே என்ற நிம்மதிக்கு இங்கே இடமில்லை. தண்ணீருக்கு மிகச் சிறிய இடைவெளி போதும்.

தொண்டைக்குழியைக் காட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் அடைத்தாலும் பலருக்கு அது கழுத்துக்குக் கீழே, தொண்டைக்குழியில்தான் உணரப்படும். உள்ளுறுப்புகளிலிருந்து வரும் உணர்வு இடத்தைச் சரியாகக் காட்டாது. கீழ்நெஞ்சில் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். தொண்டையில் நிற்கிறது என்று சொன்னால் குழாயின் எந்த உயரத்திலும் அடைப்பு இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்னது சரியாகவே இருக்கும். அவர் பார்த்தது மூக்கின் பின்புறம், தொண்டை, குரல்வளை. உணவுக்குழாய் அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. "தொண்டையில் ஒன்றுமில்லை" என்ற அந்த வரிக்கு, தேட வேண்டிய இடம் இன்னும் கீழே என்றே அர்த்தம்.

தொண்டையிலேயே பிரச்சினை உள்ளவர்களின் கதை வேறு மாதிரி இருக்கும். அவர்களுக்கு விழுங்கத் தொடங்குவதே கடினம். விழுங்கிய மறுநொடியே புரையேறும், இருமல் வரும், சில சமயம் தண்ணீர் மூக்கு வழியே வரும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய் போன்றவற்றில் இதைப் பார்க்கிறோம். உங்கள் அப்பாவுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இன்னொரு வகையும் உண்டு. சாப்பிடாத நேரத்தில் தொண்டையில் உருண்டை நிற்பதுபோல் இருக்கும், சாப்பிட்டால் சரியாகிவிடும், உணவு சிக்காது, எடை குறையாது. அது அடைப்பே அல்ல. அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் "எனக்கும் இப்படி இருந்தது, தானாகப் போய்விட்டது" என்று ஆறுதல் சொல்கிறார்கள்.

என் துறையில் நோயாளியின் வாயிலிருந்து வரும் வரலாறுதான் பாதி நோயறிதல். எது சிக்குகிறது, எப்போதிலிருந்து, கூடிக்கொண்டே போகிறதா விட்டுவிட்டு வருகிறதா என்ற மூன்றையும் பொறுமையாகக் கேட்டால் திசை தெரிந்துவிடும். கெட்டி உணவு மட்டும் சிக்கி, வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் வழி குறுகிக்கொண்டு வருகிறது. முதல் நாளிலிருந்தே தண்ணீரும் கெட்டி உணவும் ஒருசேர நின்றால் தசையின் இயக்கம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் ஒன்றுமில்லாமல் இருந்து, திடீரென்று ஒருநாள் ஒரு துண்டு இறைச்சி சிக்கி, மறுபடி பல மாதம் ஒன்றுமில்லாமல் போனால் மெல்லிய வளையமோ ஒவ்வாமை வகை அழற்சியோ இருக்கலாம்.

ஆனால் இந்த வரலாறு எளிதில் கிடைப்பதில்லை. அடைப்பு உள்ளவர்கள் தங்களை அறியாமலே அதை மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். சின்னச் சின்னக் கவளமாக எடுப்பார்கள். நெடுநேரம் மெல்லுவார்கள். குழம்பை நிறைய ஊற்றிப் பிசைவார்கள். சிக்குகிற உணவை "இப்போதெல்லாம் பிடிக்கவில்லை" என்று ஒதுக்கிவிடுவார்கள். பிறகு மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே தவிர்ப்பார்கள். ஒவ்வொரு படியிலும் தொல்லை கொஞ்சம் குறைந்ததுபோல் இருக்கும். மருத்துவர் "விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில் வருவது அதனால்தான். அது பொய் இல்லை; அவர் மாற்றிக்கொண்ட சாப்பாட்டுக்கு அது உண்மையான பதில். நீங்கள் கூடப் போங்கள். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறார், போன வருடம் விரும்பிச் சாப்பிட்டதில் எதையெல்லாம் இப்போது தொடுவதில்லை என்று கவனித்து எழுதி எடுத்துப் போங்கள். அந்தத் தாள் மருத்துவருக்கு மிகவும் உதவும். இப்போதே எடை பார்த்துத் தேதியோடு குறித்துவையுங்கள்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. அது நல்ல மருந்து; நானும் தினமும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் விழுங்க முடியாமல் போகும் ஒருவர் பரிசோதனை இல்லாமல் அதைத் தானே தொடர்வது ஆபத்தான பழக்கம். எரிச்சல் அடங்கும்; சுருங்கிய வழி விரியாது. கட்டியின் மேலுள்ள புண்கூட அமிலம் குறைந்ததும் கொஞ்சம் ஆறியதுபோல் காட்டும். வலி குறைந்ததை நோய் குறைந்ததாக எடுத்துக்கொண்டு மாதங்கள் கழிந்துவிடும். எரிச்சல் குறைந்தும் அடைப்பு குறையவில்லை என்ற உங்கள் வரியைப் படித்தபோது, மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது, மிச்சமிருப்பது அதன் கைக்கு எட்டாதது என்றுதான் எனக்குத் தோன்றியது.

புற்றுநோயாக இருக்குமா? இருக்கலாம். இந்த வயதும், மாதக்கணக்கில் கூடிவரும் அடைப்பும், மெலிவும் சேர்ந்து வரும்போது எந்த மருத்துவரும் முதலில் அதைத்தான் உறுதிசெய்யவோ விலக்கவோ வேண்டும். ஆனால் பல வருட நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இதே தொல்லையைத் தரும் இன்னொரு காரணமும் உண்டு, அது புற்றுநோய் அல்ல. இரைப்பை அமிலம் வருடக்கணக்கில் மேலேறி உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியைப் புண்ணாக்குகிறது. புண் ஆறும்போது தழும்பு கட்டுகிறது. தழும்பு சுருங்கச் சுருங்க வழி குறுகுகிறது. இதில் அடைப்பு பெரும்பாலும் மெதுவாக வளரும். பசி குறையாததால் எடை அவ்வளவாக இறங்காது. உங்கள் அப்பாவுக்கு நான்கு மாதத்தில் வேகமாகக் கூடியிருப்பதும் சட்டை தளர்ந்திருப்பதும்தான் என்னை அவசரப்படுத்துகின்றன. இரண்டில் எது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. எண்டோஸ்கோப்பியின் வழியே எடுக்கும் சிறு துணுக்குத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று குழாயின் இயல்பான உட்தோலில் வருவது. புகையிலையும் மதுவும் அதற்குப் பெரிய காரணங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெருகும். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கப் பானங்கள் குடிப்பதும் அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியது. இன்னொரு வகை, நீண்டகால அமில எதுக்களிப்பால் குழாயின் கீழ்ப்பகுதி உட்தோல் குடலின் உட்தோலைப்போல மாறிப்போனவர்களுக்கு வருவது. அந்த மாற்றத்துக்கு பேரட் உணவுக்குழாய் என்று பெயர். அது வந்தவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வரும். 2022-ல் உலகம் முழுவதும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக உணவுக்குழாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் இறந்தார்கள். இறப்பு இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு ஒரு காரணம், அடைப்பு தெரியும் நேரத்தில் நோய் முற்றியிருப்பது. அதனால்தான் ஒரு மாதத்தைக்கூட விட்டுவிடக் கூடாது என்கிறேன். உட்தோலோடு நிற்கும் ஆரம்பக் கட்டியை எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றிவிட முடிகிறது. சுவருக்குள் இறங்கியிருந்தால், முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை செய்வது இன்று பல இடங்களில் நிலைபெற்ற முறை. அறுவை செய்ய முடியாத நிலையிலும், விரியும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட்டை வைத்தோ கதிர்வீச்சு கொடுத்தோ மறுபடி வாயால் சாப்பிட வைக்க முடியும். சாப்பிட முடிவது நோயாளிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒரு வாரம் சாப்பிட முடியாமல் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தழும்பால் வந்த சுருக்கம் என்றால் மனதை லேசாக்கிக்கொள்ளலாம். எண்டோஸ்கோப்பியின் உதவியோடு பலூனையோ வளைந்துகொடுக்கும் தண்டையோ விட்டு வழியை விரிக்கிறோம். ஒரே நாளில் முழுதாக விரிப்பதில்லை. தடை உணரத் தொடங்கிய அளவிலிருந்து ஒரு அமர்வில் 3 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம் என்பது நாங்கள் பொதுவாகப் பின்பற்றும் எல்லை. மிகக் குறுகிய வழியாக இருந்தால் சில வார இடைவெளியில் சில அமர்வுகள் ஆகும். "முதல் தடவை முழுசாகச் சரியாகவில்லையே" என்று சிலர் மனம் தளர்ந்து பாதியில் நின்றுவிடுகிறார்கள். அது தோல்வி அல்ல, கவனமாகச் செய்கிறார்கள் என்பதன் அடையாளம். விரித்த பிறகு அமில மாத்திரையைத் தொடர வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி சுருங்கும். சுவர் கிழியும் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனாலும் விரித்த அன்று கடுமையான நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் தோலுக்கடியில் நறநறவென்ற உணர்வு வந்தால் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

மூன்றாவது சாத்தியம் அக்கலேசியா. உங்கள் அப்பாவின் கதையோடு அது முழுதாகப் பொருந்தவில்லை, ஏனென்றால் அதில் பெரும்பாலும் தண்ணீரும் ஆரம்பத்திலிருந்தே நிற்கும். ஆனாலும் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். பல வருடம் "வாயு", "மனக்கவலை" என்று தவறாகப் பெயரிடப்பட்டு அலைகிறவர்கள் அந்த நோயாளிகள். உணவுக்குழாயின் சுவரில் உள்ள நரம்பணுக்கள் அழிந்து, தள்ளும் அசைவு நின்றுபோகிறது, கீழ்வளையம் தளர மறுக்கிறது. உணவு குழாயிலேயே தேங்கி, இரவில் படுத்தால் மேலேறி வரும். 1674-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இப்படிப்பட்ட ஒருவரை விவரித்திருக்கிறார். திமிங்கலத்தின் வாயிலுள்ள வளையும் தகட்டால் ஒரு கோல் செய்து, நுனியில் கடற்பஞ்சைப் பொருத்தி, உணவைத் தள்ளிவிட அவருக்குக் கொடுத்தார். அந்த நோயாளி ஒவ்வொரு வேளையும் அதை வைத்தே பல வருடம் உயிர்வாழ்ந்தார். 1913-ல் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்த இறுகிய தசையை அறுவையில் பிளந்துவிடும் முறையைச் செய்தார். 2008-ல் ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே அதே காரியத்தை வாய்வழியே, எண்டோஸ்கோப்பியால், வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் செய்துகாட்டினார். வில்லிஸ் காலத்திலிருந்து இன்றுவரை ஒன்று மாறவில்லை: அழிந்த நரம்பை மீட்க முடியாது, வழியைத் திறந்துவிட முடியும். இந்த நோயை உறுதிசெய்ய எண்டோஸ்கோப்பியோடு, பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும், மெல்லிய குழாயால் தசையின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி சோதனையும் தேவைப்படும். ஒரு எச்சரிக்கை: அறுபதைத் தாண்டியவருக்குக் குறுகிய காலத்தில் வேகமாக எடை குறைந்து அக்கலேசியா போலத் தெரிந்தால், இரைப்பையின் மேல்முனையில் கட்டி ஒளிந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வாமை உடம்பு உள்ள இளைஞர்களுக்கு உணவு திரும்பத் திரும்பச் சிக்கினால், இயோசினோபில் என்ற வெள்ளணுக்கள் உணவுக்குழாய்ச் சுவரில் குவிந்து வரும் அழற்சியை நினைக்க வேண்டும். பார்வைக்குக் குழாய் சரியாக இருப்பதுபோலவே தோன்றலாம். அதனால் வெவ்வேறு இடங்களிலிருந்து குறைந்தது ஆறு துணுக்குகள் எடுத்துப் பார்ப்போம். இரும்புச்சத்துக் குறைவால் மேல்முனையில் மெல்லிய திரை உருவாகி அடைப்பதும் உண்டு. குழந்தைப் பருவத்தில் காஸ்டிக் சோடா போன்ற அரிக்கும் காரப்பொருளையோ அமிலத்தையோ விழுங்கியவர்களுக்கு வருடங்கள் கழித்தும் சுருக்கம் வரும், அவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் ஆபத்தும் கூடுதல். சில மாத்திரைகள் வழியிலேயே ஒட்டிக்கொண்டு சுவரைப் புண்ணாக்கும்: டாக்ஸிசைக்ளின், எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட், பொட்டாசியம், வலிநிவாரணிகள். உங்கள் அப்பா என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்ற பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். அலென்ட்ரோனேட் எடுக்கிறவர் என்றால், விழுங்கச் சிரமம் உள்ளவருக்கு அது கொடுக்கக் கூடாத மருந்து. அதை எழுதித் தந்தவரிடம் உடனே பேசுங்கள்.

இனி அப்பாவின் பயம். மூச்சு முட்டும் என்று அவர் நினைப்பது இயல்பு; வாய்க்குள் குழாய் போனால் மூச்சுவழி மூடிவிடும் என்றுதான் தோன்றும். அந்தக் குழாயின் தடிமன் சுமார் 1 செ.மீ. அது போவது உணவு போகும் வழியில். மூச்சுக்குழாய் தனி, மூக்கு வழியாக அவர் தாராளமாகச் சுவாசிக்கலாம். தொண்டையை மரக்கச் செய்யும் மருந்தைத் தெளிப்பார்கள். அரைத்தூக்கத்துக்கு ஊசியும் போடலாம். போட்டால் பலருக்கு நடந்தது நினைவிலேயே இருக்காது. பார்ப்பதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். திசு எடுக்கும்போது வலிக்காது, அந்த உட்தோலுக்குக் கிள்ளும் வலி தெரியாது. "திசு எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும்" என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்தச் சோதனையைத் தள்ளிப்போட அது காரணமே இல்லை. அவர் பயத்தைக் கேலி செய்யாமல், தூக்க ஊசியோடு செய்யலாமா என்று அவரையே மருத்துவரிடம் கேட்க வையுங்கள். தேர்வு தன் கையில் இருக்கிறது என்றால் பயம் குறைகிறது, பலரிடம் பார்த்திருக்கிறேன்.

மறுபடி அடைத்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் ஊறி வழிந்தால் அது முழு அடைப்பு. போன வாரம் வீட்டில் ஒரு மணி நேரம் காத்திருந்தது அதிர்ஷ்டவசமாக நல்லபடியாக முடிந்தது. இனிக் காத்திருக்க வேண்டாம். எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள். முழு அடைப்பை இரண்டு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் வழிகாட்டல். எச்சில் இறங்குகிறது, உணவு மட்டும் நிற்கிறது என்றாலும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதுவரை நிமிர்ந்து உட்காரட்டும், எச்சிலைத் துப்பட்டும், எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். இன்னொரு கவளத்தை விழுங்கி முதலாவதைத் தள்ளிவிடும் யோசனை வேண்டாம். அது அடைப்பை இன்னும் இறுக்கும், மேலேறி மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும், இறைச்சியை மிருதுவாக்கும் பொடியைக் கரைத்துக் குடிப்பதும் கூடாது. அந்தப் பொடி உணவுக்குழாயின் சுவரையும் அரிக்கும்.

இதை மூச்சுத்திணறலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். உணவுக்குழாய் அடைத்தவரால் பேச முடியும், மூச்சுவிட முடியும். பேச்சே வராமல், இருமவும் முடியாமல், முகம் நீலம் பாய்ந்தால் உணவு மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கிறது. அப்போது குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். விலகாவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்துங்கள். உதவி வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அடைப்போடு வியர்வையும், கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சுவலியும் வந்தால் அதை இதயமாகவே எடுத்துக்கொண்டு ஓடுங்கள். உணவுக்குழாய் வலிக்கும் இதய வலிக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் சிறு குழந்தைகள் வந்துபோகலாம் என்பதால். நாணயம் சிக்குவதைவிடப் பல மடங்கு ஆபத்தானது பொத்தான் வடிவ பேட்டரி. குழந்தையின் உணவுக்குழாயில் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே சுவரைப் பொசுக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுக்க ஓட வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, கையில் தேன் இருக்கிறது என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி கொடுக்கலாம். அதற்காகப் பயணத்தைத் தாமதிக்க வேண்டாம்.

சோதனை முடியும்வரை அப்பாவின் சாப்பாட்டை மிருதுவாக மசித்தோ அரைத்தோ கொடுங்கள். இறைச்சித் துண்டுகளும் உலர்ந்த ரொட்டியும் வேண்டாம். அளவு குறைவாகவும் தடவை அதிகமாகவும் இருக்கட்டும். பால், முட்டை, எண்ணெய், பருப்பு என்று கொஞ்சத்திலேயே சத்து அதிகம் தருபவற்றைச் சேருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் படுக்காமல் இருக்கட்டும். மாத்திரைகளை நிறையத் தண்ணீரோடு நின்றோ உட்கார்ந்தோ விழுங்கட்டும். சிக்குகிறது என்று நீங்களாகப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் மருந்து மொத்தமாக உடலில் இறங்கிவிடும். தண்ணீரும் இறங்காத நிலை வந்தால் சோதனைத் தேதிவரை பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தேதி வாங்கும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: உணவு தேங்குகிறது, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏதும் எடுக்கிறாரா, சர்க்கரை நோய் உண்டா. சாதாரணமாக ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வந்தால் போதும். அடைப்பு உள்ளவர்களுக்கு முந்தின நாளே திரவ உணவு மட்டும் என்று சொல்லலாம். ரத்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். தூக்க ஊசி போட்டால் அன்று அவர் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும்.

திசு முடிவு வரச் சில நாள் ஆகும். அந்த அறிக்கையைக் கையில் வாங்கி, மருத்துவரை மறுபடி நேரில் பாருங்கள். "புற்றுநோய் இல்லை" என்று அதில் எழுதியிருந்து, பார்வைக்கு அந்த இடம் சந்தேகமாக இருந்தது என்று எண்டோஸ்கோப்பி அறிக்கை சொன்னால், இரண்டும் பொருந்தவில்லையே, மறுபடி திசு எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். கட்டியின் மேல்புறத்தில் மட்டும் துணுக்கு எடுக்க நேர்ந்தால் முதல் முறை நோய் பிடிபடாமல் போவதுண்டு. இரண்டாம் முறை எடுப்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக நினைக்க மாட்டார்.